வைகையில் தண்ணி வந்தால் மட்டும் பாலத்துக்கு வருகிற ரசிகர்கள்

சட்டைக்கடை
ஜூலை 9, 2025, இரவு 10.50

விளக்குத்தூண் பக்கம் நடைபாதையில் டிசர்ட் கடை போட்டிருக்கிறேன். பதினோரு வருஷமாச்சு. ஐபிஎல் வருகிறதென்றால் மார்ச் முதல் வாரமே திருப்பூர் போய் சென்னை சிஎஸ்கே அணியின் மஞ்சள் சரக்கு எடுத்து வந்துவிடுவேன், முதுகில் தோனியின் 7 போட்டது. இந்த வருஷமும் 300 பீஸ் எடுத்தேன்.

மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் பெங்களூரு அணி ஆர்சிபியிடம் 50 ரன்னில் தோற்றார்கள். அந்த மைதானத்தில் ஆர்சிபி ஜெயித்தது 2008-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. மறுநாள் கடையில் ஒருத்தர் விலை கேட்கவில்லை. ஏப்ரல் 11 கொல்கத்தாவிடம் 20 ஓவர் ஆடி 103. அவர்கள் பத்தே ஓவர் சொச்சத்தில் அடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு மஞ்சள் பண்டலைக் கீழே தள்ளி அதன் மேல் நைட் பேண்ட் அடுக்கிவிட்டேன். கடைசியில் பத்து அணியில் பத்தாவது இடம். சிஎஸ்கே அடிமட்டத்துக்குப் போனது இதுவே முதல் வருஷம். என்னிடம் இன்னும் 190 பீஸ் கிடக்கிறது.

கதை அதுவல்ல. ஜூன் 4 காலையில் தார்ப்பாயைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை, நாலு பையன்கள் வந்து நிற்கிறார்கள். "அண்ணே, செவப்பு பதினெட்டு இருக்கா?" பதினெட்டு என்றால் கோலி நம்பர். முந்தின நாள் ராத்திரிதான் ஆர்சிபி கப் ஜெயித்திருந்தது. அதில் ஒருவன் போன வருஷம் என்னிடம் மஞ்சள் வாங்கியவன். அந்தச் சட்டையைத் துவைத்து, மடித்து, பாலித்தீன் கவரில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறான். "இத வச்சுக்கிட்டு அதக் குடுங்கண்ணே, மேல காசு தர்றேன்."

அதே வாரம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருத்தர் டீ குடிக்க வந்தார். போட்டிருந்தது 2018-இல் என்னிடம் எடுத்த மஞ்சள் சட்டை. கழுத்துப்பட்டி நைந்துபோய், முதுகில் இருந்த 7 உரிந்து மேல்கோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "புதுசு ஒண்ணு எடுத்துக்கங்கண்ணே, பாதி விலைதான்" என்றேன். "தோத்த வருசத்துல புதுசு போட்டா நல்லா இருக்காது தம்பி" என்று சொல்லிவிட்டு டீயை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இந்த ரெண்டு பேரில் யார் ரசிகன்? வியாபாரியாகப் பார்த்தால் எனக்குச் சோறு போடுகிறவன் அந்தப் பையன்தான். எல்லாரும் ஆட்டோ அண்ணன் மாதிரி ஏழு வருஷத்துக்கு ஒரு சட்டை எடுத்தால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆனாலும் அவன் அந்தக் கவரை நீட்டினபோது மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆரப்பாளையம் 18
ஜூலை 9, இரவு 11.30

அண்ணே, அந்த நாலு பையன்களை எனக்குக் காட்டுங்கள், பேசிக்கொள்கிறேன்.

நான் வேலைக்காகப் பெங்களூரு போனது 2010. அறையில் ஏழு பேர், ஆறு பேர் மஞ்சள். ஊர்க்காரன் என்று பாராமல் நான் மட்டும் ஆர்சிபி. 2011 பைனல், சேப்பாக்கம், 58 ரன்னில் தோல்வி. அன்றைக்கு என்னைத் தூங்கவிடவில்லை. 2016-இல் ஹைதராபாத்திடம் பைனல் போச்சு. 2017-இல் ஈடன் கார்டனில் 49-க்கு ஆல் அவுட். ஒருத்தன்கூட இரட்டை இலக்கம் தொடவில்லை. "ஈ சலா கப் நம்தே", அதாவது இந்தத் தடவை கப் நமக்குத்தான் என்பது எங்களுக்கு நம்பிக்கை, மற்றவர்களுக்குக் காமெடி. தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் சித்தப்பா முதல் கேள்வியே, "என்னப்பா, இந்த வருசமாவது கப்பா?"

பதினெட்டு வருஷம் அடிவாங்கினது நாங்கள், சட்டை போடுகிறது அவனா? ஜூன் 3 ராத்திரி நான் அழுத அழுகை வேறு, அவன் வைத்த ஸ்டேட்டஸ் வேறு.

மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் பக்கம் போகலாம் என்றுதான் கிளம்பினேன். மெட்ரோவில் ஏறவே முடியவில்லை, திரும்பிவிட்டேன். அன்றைக்கு அந்த நெரிசலில் 11 பேர் செத்துப்போனார்கள். அதைப் பற்றி இங்கே மேலே எழுத வரவில்லை.

கூடல்நகர் விசில்
ஜூலை 10, காலை 7.15

ஆர்சிபி தம்பி, பதினெட்டு வருஷக் கணக்கை இன்னும் எத்தனை வருஷம் சொல்லுவீர்கள்?

எங்களையும் சும்மா ஜெயிக்கிற குதிரையில் ஏறினவர்கள் மாதிரிப் பேசாதீர்கள். 2016, 2017 ரெண்டு வருஷம் அணியே கிடையாது, தடை. தோற்கிற அணியாவது டிவியில் வரும், எங்களுக்கு அதுவும் இல்லை. 2018-இல் திரும்பி வந்தோம். காவிரிப் போராட்டத்தால் சேப்பாக்கத்தில் ஒரே ஒரு மேட்ச்தான் நடந்தது, மிச்சத்தைப் புனேக்கு மாற்றினார்கள். சென்னையிலிருந்து ஒரு ரயில் முழுக்க மஞ்சள் சட்டை புனேக்குப் போனதே, அதெல்லாம் நல்ல காலத்து ரசிகன் செய்கிற வேலையா? 2020-இல் ஏழாவது, அடுத்த வருஷம் கப். 2022-இல் ஒன்பதாவது, அடுத்த வருஷம் கப். இந்த வருஷம் பத்தாவது. மிச்சத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டைக்கடை அண்ணன், 190 பீஸையும் பத்திரமாக வையுங்கள்.

மேலூர் ரெய்டர்
ஜூலை 10, காலை 9.40

விசில் அண்ணே, கோவிக்கக்கூடாது. உங்களுக்குத் தோல்வி என்பது பள்ளிக்கூடத்துக்குக் கோடை லீவு விட்ட மாதிரி. ரெண்டு மாசம் கழித்துத் திறந்துவிடும் என்று தெரியும். தோல்வி என்றால் என்னவென்று புரோ கபடியில் தமிழ் தலைவாஸ் பார்க்கிறவனிடம் கேளுங்கள்.

2017-இல் வந்தோம், பிரிவில் கடைசி. 2018, பிரிவில் கடைசி. 2019-இல் பிரிவெல்லாம் எடுத்துவிட்டார்கள், மொத்தம் பன்னிரண்டு அணி, அதில் பன்னிரண்டாவது. 2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள். அதுவரைக்கும் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. முதல் மேட்சிலேயே முட்டி போய்விட்டது. சோலி முடிந்தது என்று டிவியை அணைத்துவிட்டேன். பார்த்தால் அந்த வருஷம்தான் பேர் தெரியாத பையன்கள் அரையிறுதி வரைக்கும் கூட்டிப்போனார்கள்! அதுவும் புனேயிடம் ரெண்டு பாயிண்டில் போச்சு. எங்கள் சரித்திரத்தில் உச்சம் அதுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் டீம் என்று ஒன்று உண்டு. மாசித் திருவிழாவுக்கு ராத்திரி லைட் போட்டு நடக்கிற மேட்ச். அது தோற்றால் நான் தலைவாஸுக்குப் போல உச்சுக்கொட்டிவிட்டுத் தூங்கப் போக முடியாது. ரெய்டு போனவன் என் பெரியப்பா மகன். கோட்டைத் தொடாமல் அமுக்கிப் போட்டார்கள் என்றால் அவன் முழங்கைக்கு மஞ்சள் பத்துப் போடுகிறது எங்கள் வீட்டில்தான். அங்கே "வேற டீமுக்கு மாறு" என்ற பேச்சே எழாது, எங்கே போய் மாற? ஏலத்தில் எடுத்த அணிக்கும் அதே விசுவாசத்தைக் கேட்டால் எப்படி? அவனே அடுத்த ஏலத்தில் வேறு சட்டை போடப் போகிறான். சட்டைக்கடைப் பையன் செய்ததும் அதுதானே.

வகுப்பறை
ஜூலை 10, மதியம் 1.05

கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன், அதனால் ஒரு சின்னத் தகவல். ராபர்ட் சியால்டினி என்ற அமெரிக்கப் பேராசிரியரும் அவர் குழுவும் 1976-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் சனிக்கிழமை ஃபுட்பால் மேட்ச் நடக்கும். திங்கட்கிழமை வகுப்புக்கு எத்தனை பேர் தங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர், சின்னம் போட்ட சட்டையோடு வருகிறார்கள் என்று எண்ணினார்கள். ஜெயித்த வாரம் அந்த எண்ணிக்கை கூடியது. இன்னொன்று, ஃபோனில் மேட்சைப் பற்றிக் கேட்டபோது ஜெயித்ததற்கு "நாம் ஜெயித்தோம்" என்றார்கள், தோற்றதற்கு "அவர்கள் தோற்றார்கள்" என்றார்கள்.

நம் பேச்சில் இது இன்னும் அழகாகத் தெரியும், ஏனென்றால் நமக்கு நாம, நாங்க என்று ரெண்டு இருக்கிறது. டீக்கடையில் கவனித்துப் பாருங்கள். ஜெயித்த அன்று எல்லாரையும் சேர்த்துக்கொண்டு "நாம ஜெயிச்சுட்டம்யா". எதிரணிக்காரன் வந்து உட்கார்ந்தால் உடனே "நாங்க அஞ்சு கப்பு". தோற்ற அன்று "அவய்ங்களுக்கு ஆடத் தெரியல". ஒரே ஆள், ஒரே பெஞ்சு.

வைகைக் கரை
ஜூலை 10, மதியம் 1.20

சார், இதுக்கு எதுக்கு அமெரிக்கா? ஆற்றில் தண்ணி வந்தால் ஏவி பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி, பிள்ளைகுட்டியோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, செல்ஃபி எடுக்கிற ஊர் இது. மத்த நாளில் யாராவது எட்டிப் பார்க்கிறோமா?

சட்டைக்கடை
ஜூலை 10, இரவு 11.00

வைகைக் கரை அண்ணே, இந்தப் பதிவுக்குத் தலைப்பையே அதற்கு மாற்றிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செல்லூர் அக்கா
ஜூலை 11, காலை 10.30

கையில் கவரோடு வந்த பையனுக்கு என்ன வயசு இருக்கும் தம்பி? என் மகனுக்கு ஒன்பது. மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலுமாக சிஎஸ்கே வரிசையாக அஞ்சு மேட்ச் தோற்றபோது தோற்ற ஒவ்வொரு ராத்திரியும் அழுதுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தான். அஞ்சாவது தோல்வியன்று நானே சொன்னேன், "வேற டீம் பாருடா". பஞ்சாபுக்கு மாறினான். பைனலில் அதுவும் ஆறு ரன்னில் தோற்றது, அது வேறு விஷயம்.

அவன் அப்பாவுக்குக் கோபம். "இப்பவே கட்சி மாறக் கத்துக்குடுக்கிறியா?" என்றார். நான் கேட்கிறேன், ஒன்பது வயசுப் பிள்ளை பரீட்சைக்குப் பயப்படுகிறது, வாத்தியாருக்குப் பயப்படுகிறது, விளையாட்டையாவது சிரித்துக்கொண்டு பார்க்கக் கூடாதா? கம்பெனி நடத்துகிற அணிக்காக என் பிள்ளை ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

கூடல்நகர் விசில்
ஜூலை 11, காலை 11.10

அக்கா சொல்வது சரிதான். ஆனால் அப்பா சொல்வதும்...

வைகைக் கரை
ஜூலை 11, காலை 11.25

விசில் அண்ணே, நீங்கள் வந்ததால் கேட்கிறேன். தடை இருந்த ரெண்டு வருஷம் எந்த அணியைப் பார்த்தீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள். தோனி போன புனே அணியைத்தானே? 2017 பைனலில் புனே ஒரு ரன்னில் தோற்றபோது மதுரையில் எதற்கு அத்தனை பேர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்? இப்போதும் சேப்பாக்கத்தில் நம் விக்கெட் விழுந்தால் கூட்டம் கத்துகிறதே, அடுத்து தோனி வருவார் என்று. சொந்த அணி விக்கெட் விழுந்ததற்குச் சந்தோஷப்படுகிறவனை எந்தக் கணக்கில் சேர்க்கிறது? நீங்கள் அணிக்கு ரசிகர் இல்லை, ஒரு ஆளுக்கு ரசிகர். படம் ஊத்திக்கொண்டாலும் கட்அவுட்டுக்குப் பால் ஊத்துகிற ஊரில் இது ஒன்றும் அதிசயமும் இல்லை.

கூடல்நகர் விசில்
ஜூலை 11, மதியம் 12.40

ஆமாம், புனேயைத்தான் பார்த்தேன். அவர் போனதும் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியவில்லை. போதுமா?

ஆரப்பாளையம் 18
ஜூலை 11, மதியம் 12.55

அண்ணே, இதற்கு நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எங்களுக்கும் 18 இருக்கிறது.

மேலூர் ரெய்டர்
ஜூலை 11, இரவு 9.00

எல்லாரும் பெரிய பெரிய விசுவாசம் பேசுகிறோம். மதுரைக்கென்று தமிழ்நாட்டுக் கிரிக்கெட் லீக்கான டிஎன்பிஎல்லில் ஒரு அணி இருக்கிறது, தெரியுமா? ஆரம்ப வருஷங்களில் அடிமேல் அடி வாங்கி, பேரை மாற்றிக்கொண்டு, மதுரை பாந்தர்ஸ் என்று வந்து 2018-இல் கப்பே ஜெயித்தது. பைனலில் எடுத்ததும் மூணு விக்கெட் போய், அருண் கார்த்திக் நின்று ஆடி ஜெயிக்க வைத்தார். அன்றைக்கு டவுன் ஹால் ரோட்டில் ஒரு வெடியாவது வெடித்தோமா? இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிறு நத்தத்தில் டிஎன்பிஎல் பைனல் நடந்தது, நம் ஊரிலிருந்து ஒரு மணி நேரம். திருப்பூர் ஜெயித்தது. யாராவது போனீர்களா? நானும் போகவில்லை.

சட்டைக்கடை
ஜூலை 11, இரவு 11.15

2018 ஆகஸ்ட்டில் ஒரு ஆசையில் மதுரை என்று அச்சடித்து 40 பீஸ் எடுத்தேன். விற்றது ஆறு. அதில் ரெண்டு என் மச்சான்.

பாலமேட்டுப் பக்கம்
ஜூலை 12, காலை 6.20

கிரிக்கெட் எனக்கு அவ்வளவு தெரியாது. மாடு வளர்க்கிறேன். ஆனால் தோற்றவனை விட்டுவிடலாமா என்ற பேச்சு எங்கள் வீட்டில் ஒரு வருஷம் ஓடியது, அதனால் எழுதுகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் தை 2 அன்று எங்கள் மாடு வாடிவாசலை விட்டு வந்தது. அதற்கு முன்னால் மூணு களத்தில் யாரையும் அண்டவிட்டதில்லை. அன்றைக்கு ஒரு பையன் திமிலைக் கட்டிக்கொண்டு மூணு துள்ளலுக்கும் விடவில்லை. மைக்கில் "பிடி மாடு, பிடி மாடு" என்று அறிவித்துவிட்டார்கள். அந்த ரெண்டு சொல்லைக் கேட்டால் மாட்டுக்காரனுக்கு எப்படி இருக்கும் என்பது மாட்டுக்காரனுக்குத்தான் தெரியும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வருகிற வரைக்கும் நான் மாட்டைப் பார்க்கவில்லை, மாடும் என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலமே மாமா வந்து உட்கார்ந்துவிட்டார். "பிடிபட்ட மாடு, இனிமே பேரு இருக்காது, வெல படியுறப்பவே தள்ளிவிட்டுரு." என் அம்மா உள்ளே இருந்து ஒரே வார்த்தை, "எந்திருச்சுப் போகச் சொல்லு." மறுநாளும் பருத்திக்கொட்டை அரைத்து வைத்தார். குளத்தில் நீச்சலும் விட்டோம், மண் குத்தவும் விட்டோம், ஒன்றையும் குறைக்கவில்லை.

அடுத்த தைக்கு ஆன்லைனில் பதிந்தோம், டோக்கன் கிடைக்கவில்லை. இந்த வருஷமும் கிடைக்கவில்லை. தொழுவில் நின்று பருத்திக்கொட்டை தின்றுகொண்டிருக்கிறது. திருப்பி ஜெயித்துக் காட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

செல்லூர் அக்கா
ஜூலை 12, காலை 8.00

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பழைய ரேடியோ
ஜூலை 15, காலை 8.45

நாலு நாளாக வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்று காலை எழுந்து ஸ்கோர் பார்த்தவுடன் எழுதலாம் என்று தோன்றியது. கிங்ஸ்டனில் ஆஸ்திரேலியாவிடம் எங்கள் அணி 27 ரன்னுக்கு ஆல் அவுட். நூற்று நாற்பத்தெட்டு வருஷ டெஸ்ட் சரித்திரத்தில் இதற்குக் கீழே ஒரே ஒரு ஸ்கோர்தான் உண்டு, 1955-இல் நியூசிலாந்து எடுத்த 26. பதினைந்து ஓவர்கூட நிற்கவில்லை. ஸ்டார்க் ஒன்பது ரன்னுக்கு ஆறு விக்கெட்.

"எங்கள் அணி" என்றால் வெஸ்ட் இண்டீஸ். எனக்கு வயது 63, தெப்பக்குளம் பக்கம் வீடு, பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. 1983 டிசம்பரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி சேப்பாக்கம் டெஸ்ட் பார்க்கப் போனேன். எல்லாரும் கவாஸ்கரைப் பார்க்கப் போனார்கள். அவரும் ஏமாற்றவில்லை, 236 நாட் அவுட். நான் பார்த்தது மார்ஷலை. இந்தியா ஒரு ரன் எடுக்கும் முன்னமே ரெண்டு விக்கெட்டை எடுத்துவிட்டார். அந்த மனுஷன் ஓடி வருகிற வேகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு யாரும் கண்ணில் நிற்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். 1980-இலிருந்து 1995 வரைக்கும் அவர்கள் ஒரு டெஸ்ட் தொடர்கூடத் தோற்கவில்லை. அதாவது நான் சேர்ந்தபோது உலகத்திலேயே ஜெயிக்கிற அணி அதுதான். ஆர்சிபி தம்பி கேட்கிற கேள்வியை அன்றைக்கு யாராவது என்னைக் கேட்டிருந்தால் தலையைக் குனிந்திருப்பேன். அந்தப் பையன் சிவப்புச் சட்டை கேட்ட மாதிரிதான் நானும் போனேன். அப்புறம் ஒவ்வொருத்தராக ஓய்வு பெற்றார்கள், அணி சரிய ஆரம்பித்தது, என் வகுப்புத் தோழர்கள் எல்லாரும் சச்சின் பக்கம் போய்விட்டார்கள். நான் போகவில்லை. விசுவாசம் கிசுவாசம் எல்லாம் இல்லை. எழுந்து போக மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

2023 உலகக்கோப்பைக்குத் தகுதிச் சுற்றில் ஸ்காட்லாந்திடம் தோற்று, வரவே முடியாமல் போனது. அன்றைக்கு மருமகள் காபியோடு சேர்த்து அனுதாபமும் கொடுத்தாள். ஆனால் 2024 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரிஸ்பேனில் ஷமார் ஜோசப் என்று ஒரு பையன், ரெண்டாவது டெஸ்ட்தான் ஆடுகிறான், முந்தின நாள் கால் விரலில் அடிபட்டவன், ஏழு விக்கெட் எடுத்து எட்டு ரன்னில் ஜெயித்துக் கொடுத்தான். ஆஸ்திரேலியாவில் 27 வருஷம் கழித்து ஜெயித்த முதல் டெஸ்ட். லாரா கமெண்ட்ரியில் அழுதார். நான் ஹாலில் அழுதேன். பேரன் பயந்துபோய் அவன் அம்மாவைக் கூப்பிட்டான்.

அந்த ஒரு மதியத்துக்கும் இன்று காலை 27-க்கும் சரியாகிப்போயிற்றா என்றால், இல்லை. நட்டம்தான். சட்டைக்கடைத் தம்பி, அந்தப் பையனைத் திட்ட வேண்டாம். அவன் இப்போதுதானே வந்திருக்கிறான், கொஞ்சம் தோற்கவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், மெரூன் கலரில் ஒரு சட்டை கிடைக்குமா? எக்ஸ்எல்.

ஆரப்பாளையம் 18
ஜூலை 15, காலை 9.10

ஐயா, 49-க்கு நான் இவ்வளவு நாள் அழுததை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

சட்டைக்கடை
ஜூலை 15, இரவு 10.40

ஐயா, திருப்பூருக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். மெரூன் தனியாக ஓட்ட வேண்டுமாம், குறைந்தது 50 பீஸ் எடுத்தால்தான் கட்டுப்படியாகும் என்கிறார்கள். ஏற்கெனவே 190 மஞ்சள் மேல்தான் படுத்துத் தூங்குகிறேன்.

ஆரப்பாளையம் 18
ஜூலை 15, இரவு 10.45

எனக்கு ஒன்று, எல் சைஸ்.

மேலூர் ரெய்டர்
ஜூலை 15, இரவு 11.00

எனக்கும். தோற்கிற அணிச் சட்டை என்றால் நாங்கள் இல்லாமலா?

செல்லூர் அக்கா
ஜூலை 16, காலை 7.30

மகனுக்கு ஒன்று தம்பி. முதுகில் 27 என்று போட வேண்டுமாம். ஐயா கோவித்துக்கொள்வாரா?

பழைய ரேடியோ
ஜூலை 16, காலை 7.50

போடட்டும் அம்மா.

பாலமேட்டுப் பக்கம்
ஜூலை 16, காலை 8.15

திமில் இருக்கிற ஆளுக்குச் சைஸ் வருமா?

சட்டைக்கடை
ஜூலை 16, இரவு 11.20

மாட்டையும் சேர்த்து அஞ்சு ஆச்சு. இன்னும் 45 வேண்டும். ஆட்டோ அண்ணனிடம் இன்று கேட்டேன். மாட்டேன் என்றுவிட்டார்.